தினமும் ஹர்த்தால்

டிக்ஸ்மாய்டெ, பெல்ஜியம்
ஞாயிறு இரவு

அன்புள்ள மாமாவுக்கு,

வாய்ஸ் மெசேஜ் கேட்டேன். மூன்று தடவை கேட்டேன். பின்னால் அத்தை, "சும்ம இரியுங்க, பிள்ள வெசனப்படும்" என்று சொல்வதும் தெளிவாகக் கேட்கிறது. "மக்ளே, இத்தற லெச்சம் செலவாக்கிப் பெல்ஜியம் போயி, அங்கயும் சைக்கிள் தானா சவுட்டுக?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்டது யார்? கள்ளிக்காட்டில் முப்பது வருஷம் வாடகைக்குச் சைக்கிள் விட்டு மூன்று தங்கைகளைக் கட்டிக்கொடுத்த ஆள். உங்கள் வாயிலிருந்தே சைக்கிளுக்கு இந்தக் கேவலமா?

சைக்கிள்தான் மாமா. இங்கே டாக்டரும் சைக்கிள், பால் வாங்கப் போகிற கிழவியும் சைக்கிள். நான் வாங்கியது பழையது, 180 யூரோ. ரூபாய்க்கு மாற்றிப் பார்க்காதீர்கள், நானே பார்த்து ஒரு நாள் சாப்பிடவில்லை. உங்களுக்குப் பிடிக்காத ஒரு விஷயம் இதில் உண்டு. பெடலைப் பின்னால் சுற்றினால் சும்மா சுற்றாது, பிரேக் பிடிக்கும். நமக்குத்தான் சிக்னலை நெருங்குகிற நேரம் பெடலைக் 'கிரிகிரி' என்று பின்னால் விடுகிற பழக்கம் உண்டே. முதல் நாள் அப்படியே செய்தேன். வண்டி நின்றது, நான் நிற்கவில்லை. ரோட்டில் கிடந்தபோது இரண்டு பேர் ஓடி வந்து தூக்கிவிட்டு முதலில் கேட்டது, "ஹெல்மெட் எங்கே?" என்று.

இன்றைக்குப் போன வழியைச் சொல்கிறேன். எங்கள் ஊரிலிருந்து நியூபோர்ட் என்ற கடற்கரை ஊர் வரைக்கும், ஏறத்தாழ 15 கிலோமீட்டர். பழைய ரயில் பாதை. தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டு அந்த மேட்டின்மேல் சைக்கிளுக்கும் நடக்கிறவர்களுக்கும் வழி போட்டிருக்கிறார்கள். கார் கிடையாது, பைக் கிடையாது, நம்ம ஆனவண்டி பஸ் கிடையாது. நம்ம ஊரில் ரோடு இப்படிக் கிடக்க வேண்டுமென்றால் ஹர்த்தால் வர வேண்டும். முதல் இரண்டு கிலோமீட்டர் எனக்கு உள்ளுக்குள் ஒரு பயம். எந்தக் கட்சி அறிவித்தது, நமக்கு யாரும் சொல்லவில்லையே, யாராவது கல்லெறிவார்களோ என்று. இங்கே தினமும் ஹர்த்தால்தான் மாமா, அறிவிப்புதான் இல்லை.

கூட வந்தது என்னோடு வேலை பார்க்கிற சேச்சி, வயது 61. மேடு பள்ளம் இல்லாத ஊர்தானே என்று தைரியமாகக் கிளம்பினேன். மலைக்குப் பதிலாக இங்கே காற்று இருக்கிறது. கடலிலிருந்து நேரே நெஞ்சில் அடிக்கும். சேச்சி முன்னால் பாட்டுப் பாடிக்கொண்டு போகிறாள், நான் பின்னால் காட்டாக்கடைச் சந்தைக்கு வாழைக்குலை ஏற்றிப்போன பழைய லாரி மாதிரி முக்கிக்கொண்டு போகிறேன்.

அந்த மேட்டுக்கு ஒரு கதை உண்டு. 1914 அக்டோபரில் ஜெர்மன்காரன் பெல்ஜியம் முழுவதையும் பிடித்துக்கொண்டு வந்து, ஐசர் என்ற ஆற்றுக்குப் பக்கத்தில் நிற்கிறான். மிச்சம் இருப்பது இந்த ஒரு மூலைதான். பட்டாளத்துக்கு ஆளும் இல்லை, குண்டும் தீரப்போகிறது. இந்த நிலமோ வேலியேற்றத்தில் கடல் நிற்கிற மட்டத்துக்கும் தாழ்ந்தது. நியூபோர்ட்டில் ஆறும் கால்வாயும் கடலில் சேரும் இடத்தில் வரிசையாக ஷட்டர்கள் இருக்கின்றன. வாத்தின் பாதம் மாதிரி விரிந்து கிடப்பதால் அந்த இடத்துக்கு வாத்துக்கால் என்றே பெயர். தண்ணீர்க் கணக்குத் தெரிந்த காரெல் கோகெ என்பவர் வழி சொன்னார். ஹென்ட்ரிக் கேரார்ட் என்ற படகுக்காரர் ராத்திரி போய், கடல் ஏறுகிற நேரம் பார்த்து ஷட்டரைத் திறந்தார். இறங்குகிற நேரம் அடைத்தார். பல ராத்திரி இதே வேலை. அதற்கு முன்னாலேயே ரயில் மேட்டின் அடியில் இருந்த ஓடைக்குழாய்களை எல்லாம் பட்டாளம் அடைத்துவிட்டது. மேட்டுக்கு இந்தப் பக்கம் பெல்ஜியம்காரன் காய்ந்து இருக்கிறான், அந்தப் பக்கம் ஜெர்மன்காரன் முட்டளவு தண்ணீரில் நிற்கிறான். இரண்டு மூன்று கிலோமீட்டர் அகலத்துக்குக் கடல். மாத முடிவில் அவன் பின்வாங்கினான். பிறகு 1918 வரைக்கும் நாலு வருஷம், இந்த ரயில் மேடுதான் போர்முனை.

நம்ம ஏலாவில் தண்ணீர் திருப்புகிற அதே வேலைதான் மாமா. வரப்பை அடை, மடையைத் திற. ஆனால் அந்தப் படகுக்காரரின் படத்தைப் பிறகு ஆயிரம் பிராங்க் நோட்டிலேயே போட்டார்கள். நெய்யாறு டாமில் ஷட்டர் திறந்தவனுக்கு இந்த மரியாதை உண்டா? நமக்குத் திறக்காததில்தானே சண்டை. இதை விளவங்கோட்டு அக்காவிடம் போனில் சொன்னேன். இடதுகரைக் கால்வாயில் 2004-லிருந்து தண்ணீர் காணாத வீடு அது. எல்லாம் கேட்டுவிட்டு, "அந்தாளு செத்துட்டாரா? இல்லேன்னா நம்ம பக்கம் ஒரு நாள் அனுப்பி விடு" என்றாள்.

வழியில் ராம்ஸ்கப்பெல் என்று ஒரு ஊர். பெயரைப் பார்த்து ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். ராமருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதற்கு முன்னாலேயே வந்தது பெர்வைசெ. இங்கே ஒரு வீட்டு நிலவறையில், பதுங்குகுழிகளுக்குக் கூப்பிடு தூரத்தில், இரண்டு பெண்கள் காயக்கட்டு நிலையம் நடத்தியிருக்கிறார்கள். எல்சி நாக்கர், மாரி சிஸம். எல்சியும் மாரியும்! நம்ம ஆஸ்பத்திரி டியூட்டி லிஸ்ட் மாதிரி இல்லையா? எல்சிக்கு வயது முப்பது, மாரிக்குப் பதினெட்டு. இரண்டு பேருக்கும் மோட்டார் பைக் பைத்தியம், அதில்தான் சிநேகமே. பிரிட்டனிலிருந்து வந்து 1918-இல் விஷவாயு தாக்குகிற வரைக்கும் இங்கேதான் இருந்தார்கள். சைக்கிள்தானா என்று கேட்டீர்களே, பைக் ஓட்டின நர்ஸ்களின் கதி இது.

அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். எனக்கு இன்னும் நர்ஸ் உடுப்பு தரவில்லை மாமா. டச்சு பரீட்சை பாஸாகி, பேப்பர் எல்லாம் சரியாகி வருகிறவரைக்கும் நான் உதவியாள்தான். பெட்ஷீட் மாற்றுவது, குளிப்பாட்டுவது, கஞ்சி கொடுப்பது. இதை அம்மாவிடம் வாசித்துக் காட்ட வேண்டாம்.

நியூபோர்ட்டில் சேச்சி மகள் வீட்டில் தங்கிவிட்டாள். "திரும்புவது சுலபம், நம்பரைப் பார்த்துப் போ" என்றாள். நான் கெட்டது அங்கேதான்.

இங்கே சைக்கிள்காரன் ஊர்ப் பெயர் கேட்டுப் போவதில்லை. வழி பிரிகிற இடத்தில் எல்லாம் பலகையில் ஒரு நம்பர். வீட்டிலேயே '41, 76, 12, 68' என்று எழுதிக்கொண்டு, அம்புக்குறி பார்த்து நம்பரிலிருந்து நம்பருக்குப் போக வேண்டும். லிம்பர்க் பக்கத்தில் சுரங்க இன்ஜினியராக இருந்த ஹ்யூகோ போலன் என்பவரின் யோசனை. பூமிக்கு அடியில் சுரங்க வழிகள் கூடுகிற இடத்துக்கு நம்பர் போட்டிருப்பார்களாம். அதையே பூமிக்கு மேலே கொண்டுவந்து 1995-இல் ஆரம்பித்திருக்கிறார்கள். இருட்டில் நடக்கிறவனுக்கு உண்டாக்கிய உபாயம், பட்டப்பகலில் எனக்கு.

வரிசையாகவாவது போட்டிருக்கிறார்களா? 41-க்கு அடுத்தது 42 என்று நினைத்தால் நீங்கள் கள்ளிக்காட்டுக்காரர். கையில் எழுதியதைப் பார்த்தால் லாட்டரி ரிசல்ட் மாதிரி இருக்கிறது. நம்ம ஊரில் வழி கேட்டால், "நேரே போங்க, ஒரு பிலாவு நிக்கும், இப்ப இல்ல, வெட்டியாச்சு, அங்க திரும்பணும்" என்பார்கள். இல்லாத பிலாவைப் பார்த்து நாம் சரியாகத் திரும்பியிருக்கிறோம். இருக்கிற நம்பரைப் பார்த்து என்னால் திரும்ப முடியவில்லை. இதை நம்ம பக்கம் கொண்டுவந்தால் எப்படி இருக்கும்? காட்டாக்கடைக்கு 17, ஒட்டசேகரமங்கலத்துக்கு 63. பஸ்ஸில் அத்தை ஐம்பது ரூபாயை நீட்டி "ஒரு அறுபத்திமூணு" என்பாள், கண்டக்டர் மிச்சம் இல்லை என்பார், அங்கே ஒரு போர் நடக்கும். கல்யாணக் கடிதத்தில், 'பெண் வீடு: 17-லிருந்து 63-க்குப் போகிற வழியில் 8-க்குப் பக்கம்.'

நான் நம்பரை உள்ளங்கையில் பேனாவால் எழுதியிருந்தேன், பரீட்சைக்குப் போன பழக்கம். மழை வந்தது. 36 என்று எழுதியது 86 ஆகிவிட்டது. 86 என்று ஒன்று இல்லாமல் இருந்தால் தப்பித்திருப்பேன், இருந்தது. அங்கிருந்து 12-க்குப் போனேன். அது வேறே 12. இரண்டே இலக்கம்தானே, 99 தீர்ந்தால் மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். டிராக்டரில் வந்த ஒருவரிடம், "டிக்ஸ்மாய்டெ?" என்று கேட்டேன். அவர் வண்டியை நிறுத்தி மரியாதையாகக் கேட்டார்: "எந்த நம்பர்?"

அவர் வயல் ஓரத்தில்தான் இன்னொன்று நடந்தது. சைக்கிளைக் கரண்டு போஸ்டில் சாய்க்கப் போனேன். அடியில் துருப்பிடித்து, நம்ம அம்மிக்குழவி தடிமனில் ஒரு இரும்பு கிடந்தது. ஆக்கர்காரனுக்குப் போட்டால் நல்ல காசு என்றுதான் முதலில் தோன்றியது. அந்த மனுஷன் போட்ட சத்தத்தில் சைக்கிளை விட்டுவிட்டுப் பத்தடி ஓடினேன். பீரங்கிக் குண்டு மாமா! முதல் உலகப்போர்க் குண்டு, நூறு வருஷம் கழிந்தும் உழுகிறபோது கிடைக்கிறது. எடுத்து ஓரத்தில் வைத்துவிட்டுப் போன் செய்தால் பட்டாளத்து வண்டி வந்து பூல்கப்பெல் என்ற இடத்துக்குக் கொண்டுபோகுமாம். மரச்சீனி தோண்டினால் நமக்கு எலிதான் பயம். இவர்கள் உருளைக்கிழங்கு தோண்டிப் பிழைக்கிறார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

பயம் தெளிய நான் அவரிடம் பெருமை பேசினேன். எங்கள் ராஜாவும் போர் செய்திருக்கிறார், 1741-இல் குளச்சலில் டச்சுக்காரனைத் தோற்கடித்தார், பிடிபட்ட டிலனாய் உங்கள் பக்கத்து ஆள்தான், பிறகு எங்கள் பட்டாளத்துக்கே வலிய கப்பித்தான் ஆனார், உதயகிரிக் கோட்டையில் கல்லறை இருக்கிறது, அதில் தமிழிலும் எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரிந்த டச்சில் எல்லாம் சொன்னேன். டிலனாய் பிறந்த ஊர் ஆராஸ் என்றதும், "அது பிரான்ஸ்" என்று சொல்லிவிட்டு டிராக்டரை எடுத்தார்.

எப்படியோ பழைய மேட்டில் ஏறிவிட்டேன். இனி நேர்வழி. அங்கே வைத்துப் பின் டயர் போயிற்று. முன்னால் ஆளில்லை, பின்னால் ஆளில்லை. ஹர்த்தால் அன்றைக்குக்கூட நம்ம ரோட்டில் நாலு பையன்கள் பந்து விளையாடிக்கொண்டு இருப்பார்கள். இங்கே கொக்கும் மாடும்தான். ஒரு ஹாரன் சத்தம் கேட்டால் போதும் என்று இருந்தது. ஒரு ஆனவண்டி சேற்றை அடித்துவிட்டுப் போனாலும் கோபப்பட்டிருக்க மாட்டேன்.

ஸீட்டுக்கு அடியில் பையில் ஒட்டுச் சாமான் இருந்தது. இங்கே கடையில் கொடுத்தால் பஞ்சர் ஒட்டக் கேட்கிற காசில் நீங்கள் ஒரு வண்டியை முழுக்க ஓவராயில் செய்து கொடுப்பீர்கள். நானே டயரை நெம்பி, டியூபை உருவி, காற்றடித்தேன். ஓட்டை தெரியவில்லை. மேட்டிலிருந்து இறங்கி, பக்கத்து ஓடைத் தண்ணீரில் டியூபை முக்கிப் பிடித்துக்கொண்டு சுற்றினேன், நீங்கள் கடையில் சருவத்துத் தண்ணீரில் சுற்றுகிற மாதிரி, விரலால் அமுக்கி அமுக்கி. ஒரு இடத்தில் குமிழி வந்தது. நான் சத்தமாக "வந்தாச்சு மாமா" என்று சொல்லிவிட்டேன். உரைத்து, சொல்யூஷன் தடவி, ஊதிக் காய வைத்து ஒட்டினேன். வீடு வந்து சேர்ந்து நாலு மணி நேரமாகிறது, காற்று இறங்கவில்லை.

கடையைக் காலி செய்து வாடகைக்கு விடப்போவதாக அம்மா சொன்னாள். பழைய ரிம்மும் மட்கார்டும் எல்லாம் கொடுங்கள். அந்த அலுமினியச் சருவத்தை மட்டும் ஆக்கர்காரனுக்குப் போட்டுவிடாதீர்கள், நான் வருகிறபோது எடுத்துக்கொள்கிறேன்.

உங்கள்
மருமகள்