குரலுக்கு மேஸ்திரி யார்?

கேள்வி: இயர்போனை மாட்டிக்கொண்டால் என் கணவர் தெருவுக்கே கேட்கும்படி கத்துகிறார். கேட்டால், "மெதுவாகத்தானே பேசினேன்" என்று சாதிக்கிறார். புளுகுதானே?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: பாவம், புளுகு இல்லை. குரலுக்கு மேஸ்திரி காதுதான். நம் பேச்சை நாமே கேட்டுக் கேட்டுத்தான் ஏற்றி இறக்குகிறோம். பாட்டு காதை அடைத்துக்கொண்டால் மேஸ்திரிக்கு லீவு. தொண்டை தன்னால் எகிறும். 1911-இல் இதை எடுத்துச் சொன்னவர் பாரிஸின் காது, மூக்கு, தொண்டை டாக்டர் எதியென் லொம்பார். செவிடுபோல் நடிப்பவர்களைப் பிடிக்கவும் இது உதவியது. காதில் இரைச்சலைப் போட்டுப் பேசச் சொன்னால், குரல் எகிறியதும் குட்டு உடைந்துவிடும். நிஜமாகவே கேட்காதவருக்கு இரைச்சல் என்ன, இடி என்ன?

இன்னொரு வேடிக்கை: பேசுபவரின் குரலையே ஐந்தில் ஒரு விநாடி தாமதித்து அவர் காதில் ஒலித்தால், மேடைப் புலிக்கும் நாக்கு குழறும். அதே தாமதம் திக்கிப் பேசுபவர்கள் பலருக்குப் பேச்சைச் சரளமாக்குகிறது!

இயர்போனை மெல்ல உருவிவிடுங்கள். மேஸ்திரி வேலைக்குத் திரும்பிவிடுவார். அப்புறமும் கத்தினால், அது லொம்பார் விளைவு அல்ல, குழம்பில் உப்பு.