தொப்பியைக் கழட்டுடா பேராண்டி

வாடா பேராண்டி, இப்பிடி வேப்பமரத்துக் காத்துல உக்காரு. ஊருக்கு வந்ததுலருந்து பாக்குறேன், தலையில இருக்குற தொப்பி எறங்கவே இல்ல. சித்திர வெயிலுக்குன்ன, சரி. ராத்திரி படுக்கையிலயும் போட்டுருக்கியே, அது எந்த வெயிலுக்கு? நெத்தி மேல ஏறுதுன்னு ஊருக்கே தெரியும்டா. நேத்து டீக்கடையில உன் பேச்சு வந்துச்சு. ஒருத்தனும் உன் பேரைச் சொல்லல. "அந்தத் தொப்பிக்காரப் பய"ன்னாங்ய. மறைக்கப் போட்டது பட்டப்பேராயிருச்சு பாத்தியா?

மெட்ராசுல ஏதோ ஆஸ்பத்திரியில முடி நடப் போறியாமே, உங்க ஆத்தா சொன்னா. பின்மண்டை முடி லேசுல கொட்டாதாம், அதை வேரோட எடுத்து முன்னால ஊண்டுவாகளாம். நாத்தங்கால்ல பறிச்சு வயல்ல நடுறது நமக்குத் தெரியாததா? நடவு முடிஞ்சா நாத்தங்கால் காலியாயிரும், அதை மட்டும் பாத்துக்க. கையில காசு இருந்தா நட்டுக்க, நான் குறுக்க நிக்கல. ஆனா ஒண்ணு கேக்குறேன். வழுக்கைன்னு எவனாவது பொண்ணு தரமாட்டேன்னானா? எவனும் சொல்லலியே. நீயாத்தானே சொல்லிக்கிட்டு, நீயா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க!

நம்ம பக்கத்துச் சாமிகளைப் பாரு. நொண்டிக் கருப்புன்னு ஒருத்தரு இருக்காரு. காலு விளங்காததை எந்தப் பூசாரியும் வேட்டியப் போட்டு மறைக்கல, பேரே அதுதான். அவருக்கும் கிடா விழுகத்தான் செய்யிது. பிள்ளையாருக்குத் தொந்தி, போதாக்குறைக்குக் கொம்பு வேற ஒடஞ்சது. அவருக்கு ஒரு தேங்காயப் போடாம எந்தக் காரியத்தைத் தொடங்குறோம்? காரைக்கால் அம்மையாரு இன்னும் ஒருபடி மேல. புருசன் பாண்டிநாட்டுல வேற கல்யாணம் முடிச்சு இருக்கான்னு தெரிஞ்சதும், அவனுக்காகச் சுமந்த இந்த அழகு இனி எதுக்குன்னு உதறிட்டு, பேய் உருவத்தை வேண்டி வாங்கிக்கிருச்சு. கோயில்ல அறுபத்துமூவரு வரிசையில பாரு, மத்தவுக நிப்பாக. வத்தி வதங்குன அந்த அம்மா உக்காந்துருக்கும். உன்னையப் பேயாகச் சொல்லல, பயப்படாத. தொப்பியைத்தான் சொல்றேன்.

செல்லுல தருமியப் பாத்து விழுந்து விழுந்து சிரிக்கிறியே, தருமியா நடிச்ச நாகேசு ரயில்வேல குமாஸ்தாவா இருந்த ஆளு. ஒல்லிக்குச்சி ஒடம்பு, மூஞ்சியெல்லாம் அம்மைத் தழும்பு. கதாநாயகன்னா மொழுமொழுன்னு இருக்கணும்ங்கிற காலத்துல, 1964-ல, அதே மூஞ்சியோட சர்வர் சுந்தரமா நின்னாரு. சனங்க தியேட்டர்ல தழும்பையா எண்ணிக்கிட்டு இருந்தாக?

அந்தப் பெரியம்மை நம்ம நாட்டுல கடைசியா வந்தது 1975-ல. அதோட ஒழிஞ்சுது. அதே 1975-லதான் மூஞ்சிய வெளுப்பாக்குறேன்னு 'ஃபேர் அண்ட் லவ்லி' கடைக்கு வந்துச்சு. ஒரு நோய் போச்சு, இன்னொண்ணு டியூப்புல வந்துச்சுன்னு நான் சொல்லமாட்டேன், சொன்னா உங்க அத்தை சண்டைக்கு வருவா. கருப்பசாமிக்குப் பொங்க வச்சுட்டு வந்து, கண்ணாடி முன்னால நின்னு அதைத் தேய்க்கிற வீடு எத்தன! 2020-ல பேரை 'க்ளோ அண்ட் லவ்லி'ன்னு மாத்திட்டாகளாம். தேய்ச்ச பிள்ளை நெறம் அப்பிடியேதான் இருக்கு, டியூப்பு மேல இருந்த பேருதான் மாறிருக்கு.

உன் பேச்சும் அந்தக் கதைதான். ஆபீசுலருந்து போன் வந்தா உன் நாக்கு வேற ஊருக்குப் போயிருது. கரிசக்காட்டுல இடைசெவல் கி. ராஜநாராயணன் பள்ளிக்கூடப் படிப்பு பெருசா இல்லாத மனுசன், ஊருச்சனம் பேசுறதை அப்பிடியே எழுதுனாரு. அவரைத்தான் பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகத்துல கூப்பிட்டுப் பேராசிரியரா உக்கார வச்சாக. 1991-ல சாகித்திய அகாதமியும் வந்துச்சு.

சரி, மேலுக்குத் தெரியிறதை விடு. உள்ளுக்குள்ள பூட்டி வச்சிருக்கியே, அதுக்கு வா. உங்க பெரியப்பன் எழவுல பாத்தியா? பொம்பளைக வட்டமா உக்காந்து, தோள்ல தோள் சேத்து ஒப்பாரி வச்சாக. காது குடுத்துக் கேட்டாத் தெரியும், செத்தவனுக்குப் பாதி, நாத்தனா செஞ்ச கொடுமைக்குப் பாதி. எடையில சொத்துப் பிரிச்ச கொறையும் ராகத்தோட வந்துச்சு. அழுது தீத்து, மூக்கைச் சிந்திட்டு, "காப்பி வந்துச்சாடி?"ன்னாக. ஆம்பளைக நாம? பந்தல்ல வரிசையா உக்காந்து தொண்டையச் செருமிக்கிட்டு, "இந்த வருசம் மழை எப்பிடி?"ன்னு பேசுறோம். நீ கண்ணைத் தொடச்சிக்கிட்டு "தூசி"ன்ன. அன்னைக்கு எலை கூட அசையலியேடா! பாட்டா அழுதவ எல்லாம் ராத்திரி அசந்து தூங்கிட்டா. தூசி விழுந்த நீதான் விடிய விடிய செல்லைத் தடவிக்கிட்டுக் கிடந்த.

இம்புட்டும் சொல்லிட்டேன்னு, "தாத்தாவே சொல்லிட்டாரு, நான் இப்பிடித்தான்"னு சட்டைய மடிச்சுவிட்டுக் கெளம்பிராத. அப்பிடி ஒருத்தன் நம்ம தெருவுலயே இருக்கான். "எனக்குக் கோவம் வந்தா கண்ணு தெரியாது, என் கொணம் அப்பிடி"ம்பான். பொண்டாட்டி வந்தா கண்ணு தெரியாது, பெத்த பிள்ளை வந்தாலும் தெரியாது. தாசில்தாரு ஜீப்பு வந்தா மட்டும் தோள்ல கெடந்த துண்டு தானா இடுப்புக்கு எறங்குது! ஆள் பாத்து வர்ற கோவத்துக்குக் கொணம்னு பேரு வைக்கிறதை நான் ஒத்துக்கிற மாட்டேன். அது கணக்குப் போட்டு வர்றது.

நேத்து ராத்திரி கொழம்புல உப்பு கூடிப்போச்சுன்னு தட்டைத் தள்ளுனியே. உங்க மேனேஜரு வீட்டு விருந்துல அதே உப்பு இருந்தா என்ன சொல்லிருப்ப? "சூப்பரா இருக்கு மேடம்"ன்னு ரெண்டாந்தரம் ஊத்தச் சொல்லிருப்ப. வழுக்கை வம்சத்துல வந்தது, என் மண்டையப் பாத்தாலே தெரியும். நெறமும் அப்பிடித்தான். பொசுக்குன்னு கண்ணு கலங்குறது உங்க அப்பத்தா குடுத்துட்டுப் போனது. அதையெல்லாம் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு நிமிந்து நட. தட்டைத் தள்ளுறது மட்டும் நம்ம வம்சத்துலயே இல்ல, நீயா சம்பாதிச்சது. உங்க ஆத்தா உள்ளதான் பூண்டு உரிச்சிக்கிட்டு இருக்கா. தொப்பிய இங்கன வச்சுட்டு, போயி ரெண்டு வார்த்தை பேசிட்டு வா.