ஷிப்ட் பாடகரின் குரலும் மேடையும்: ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டார ஆய்வு

ஷிப்ட் பாடகர் என்பவர் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடைப்பட்ட ஆலைகளில் எட்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு, எஞ்சிய நேரத்தில் பாடகராக விளங்குபவர். இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால், மாத்தூர் ஆகிய ஊர்களில் பரவலாகக் காணப்படுகிறார். ஆண்டு முழுதும் கம்பெனி பஸ்ஸில் பாடி, ஆயுத பூஜையன்று மட்டும் மேடையேறுவது இவருடைய இயல்பு. மேடையேறும் அன்று தொண்டை கட்டியிருப்பதும் இவருடைய இயல்பே. இரண்டாவது இயல்பைத் திருத்துவது எப்படி என்பதே இவ்வாய்வின் பொருள்.

இவ்வட்டாரத்தின் குரல் வரலாறு கார்களுக்கு முந்தியது. 1017-இல் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்தவராகச் சொல்லப்படும் இராமானுசர், திருக்கோட்டியூர் நம்பியிடம் பதினெட்டு முறை நடையாய் நடந்து பெற்ற திருமந்திரத்தை, திருக்கோட்டியூர்க் கோயிலின் உச்சியில் ஏறி ஊரறியச் சொன்னார் என்கிறது குருபரம்பரை. வைணவர்கள் இதில் கருணையைக் காண்கிறார்கள். ஒலியியல் நோக்கில் பார்த்தால் வேறு சில நுட்பங்களும் தெரிகின்றன: உயரமான இடத்தைத் தேர்ந்திருக்கிறார், பாடம் எட்டே எழுத்து, ஆகவே மூச்சு வாங்கவில்லை, ‘சவுண்டு கொஞ்சம் ஏத்துங்க’ என்று யாரையும் கேட்கவில்லை. இவ்வூர்க்காரர் எவரும் அதன்பின் இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பேரை எட்டியதாகத் தெரியவில்லை.

தற்காலம் 1998-இல் தொடங்குகிறது. அவ்வாண்டு இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாயின் சான்ட்ரோ வெளிவந்தது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை வந்தது. இவற்றால் விளைந்த ஏற்றுமதியைப் பொருளாதார நூல்கள் கணக்கிடுகின்றன. ஆலையோடு கம்பெனி பஸ் வந்ததையும், பஸ்ஸோடு கடைசி சீட் வந்ததையும், கடைசி சீட்டோடு பாடகர் வந்ததையும் அவை பொருட்படுத்துவதில்லை.

பயிற்சியில் இரண்டு மரபுகள் உண்டு: பாத்ரூம் மரபு, பஸ் மரபு. ஹாஸ்டல் பாத்ரூமின் டைல்ஸ் ஒலியை உறிஞ்சாமல் திருப்பி அனுப்புவதால் குரல் தடித்து, நீண்டு ஒலிக்கும். பாடுபவர் தம்மை யேசுதாஸாக உணர்வார். ஆனால் பத்துப் பேருக்கு ஒரு பாத்ரூம் என்னும் ஏற்பாட்டில், பல்லவி முடிவதற்குள் கதவு தட்டப்படும். இம்மரபினர் எவருக்கும் சரணம் தெரியாமல் போனதற்கு இதுவே காரணம்.

பஸ் மரபினருக்குச் சரணம் தெரியும். காஞ்சிபுரத்திலிருந்தோ அரக்கோணத்திலிருந்தோ வரும் பஸ்ஸில் ஒரு படத்துப் பாட்டு முழுவதையும் பாடி முடிக்க நேரமுண்டு. இவர்களுக்கு எதிரி எஞ்சின். டீசல் எஞ்சினின் இரைச்சல் தாழ்ந்த அதிர்வெண்களில் மிகுதி. மந்திர ஸ்தாயி அதில் மூழ்கிவிடும். பாடகர் தம்மையறியாமல் குரலை உயர்த்துவார். இரைச்சலில் மனிதக் குரல் தானாகவே ஏறும் என்பதை 1911-இல் பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லொம்பார் விளக்கினார். அது இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. அவர் ஒரகடம் பஸ்ஸில் ஏறியிருந்தால் ஒரே ட்ரிப்பில் முடித்திருப்பார். பஸ்ஸில் தொடங்கிய இந்த ஏற்றம் ஆலைக்குள்ளும் தொடர்கிறது. எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபெல் என்பது தொழிற்சாலை விதிகள் வகுத்த வரம்பு; 95 ஆனால் நான்கு மணி நேரம்தான். அப்படிப்பட்ட இடத்தில் ‘அந்த ஸ்பேனரை எடு’ என்பதையே மேல் ஸ்தாயியில்தான் சொல்ல வேண்டும். ஆக, ஷிப்ட் பாடகர் மேடைக்கு வருமுன்பே ஒரு முழுக் கச்சேரியைக் கத்தி முடித்துவிடுகிறார்.

கத்துவதால் நேர்வது இது. பேசும்போது ஆணின் குரல்நாண்கள் வினாடிக்கு நூற்றுச் சொச்சம் முறையும், பெண்ணின் குரல்நாண்கள் சுமார் இருநூறு முறையும் ஒன்றோடொன்று மோதுகின்றன. கத்தும்போது மோதலின் வேகம் கூடி, நாண்கள் வீங்குகின்றன. வீங்கிய நாண் சரியாகச் சேராது; காற்று கசியும்; குரல் கரகரக்கும். இதற்கு வட்டாரத்தில் மிளகு, பனங்கற்கண்டு, அதிமதுரம் ஆகியவை பரிந்துரைக்கப்படுகின்றன. இவை தொண்டைக்கு இதமானவை. குரல்நாணை மட்டும் தொடுவதில்லை. விழுங்குவது எதுவும் உணவுக்குழாய்க்குத்தான் போகும், தப்பித்தவறி நாண் பக்கம் போனால் புரையேறும். உண்மையில் வேலை செய்பவை தண்ணீர், தூக்கம், வாயை மூடிக்கொண்டிருத்தல் ஆகிய மூன்றே. மூன்றாவதற்கு நண்பர்களின் ஒத்துழைப்பு எளிதில் கிடைக்கும்.

குரலைப் பதப்படுத்த இளநீர்க் கடை ஸ்ட்ரா போதும். அதை உதடுகளுக்கிடையே வைத்து, கீழிருந்து மேலும் மேலிருந்து கீழும் ‘ஊ’ என்று இழுக்க வேண்டும். குறுகிய துளையால் வாய்க்குள் காற்றழுத்தம் மிகுந்து, நாண்கள் மென்மையாகச் சேர்கின்றன. குரல் மருத்துவர்கள் பல நாடுகளில் பரிந்துரைக்கும் பயிற்சி இது. ஸ்ட்ரா வழியாக வரும் ஒலி பக்கத்து சீட்டைக்கூட எழுப்பாது என்பதால் பஸ்ஸுக்கு இதுவே உகந்தது. டிரைவர் மட்டும் ஏதோ பெல்ட் தேய்வதாக நினைத்து வண்டியை ஓரங்கட்டக்கூடும்.

விடியலில் மந்திர ஸ்தாயி சாதகம் செய்க என்பது கர்நாடக இசை மரபு. விடியலில் சி ஷிப்ட்காரர் வேலை முடிந்து பஸ்ஸில் தூங்குகிறார். ஏ ஷிப்ட்காரர் வேலைக்குப் போகும் பஸ்ஸில் தூங்குகிறார். மரபின் நோக்கம் சூரியன் அன்று, ஓய்ந்த தொண்டை. ஆகவே சி ஷிப்ட்காரருக்கு விடியல் மாலை நான்கு மணி என்று கொள்வதில் தவறில்லை.

சுருதித் தேர்வே பெரும்பாலான விபத்துகளுக்குக் காரணம். கரோக்கி டிராக் அசல் பாடகரின் சுருதியில் இருக்கும். ஷிப்ட் பாடகர் அப்படி இருக்க மாட்டார். 1990-இல் வந்த ‘கேளடி கண்மணி’யில் எஸ்.பி. பாலசுப்ரமணியம் மூச்சுவிடாமல் பாடுவதாக அமைந்த பாட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வோர் ஆயுத பூஜையிலும் யாராவது ஒருவர் மேடையேறுவார். ஆரோக்கியமான ஒருவரால் ஒரே மூச்சில் ‘ஆ’ என்று இழுக்க முடிவது ஏறத்தாழ 15 முதல் 25 வினாடி. மீதிப் பாட்டைக் கூட்டம் பாடி முடிக்கும். பாடலை மாற்ற மனமில்லாதவர், செயலியில் சுருதியை ஒரு கட்டை இறக்கும் பொத்தானையாவது தேட வேண்டும். ஆண் பாட்டைப் பாடும் பெண்களுக்குச் சுருதியை மாற்றும் பொத்தான் இன்னும் அவசியம்.

எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் நாடகக் கொட்டகையின் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி உச்ச சுருதியில் பாடிய காலம் ஒன்று இருந்தது. மைக் அந்தத் தேவையை நீக்கியது; பி.பி. ஸ்ரீநிவாஸ் மென்குரலிலேயே மனங்களை வென்றார். ஷிப்ட் பாடகரிடம் இருப்பது ஸ்ரீநிவாஸின் மைக், கிட்டப்பாவின் தொண்டைப் பழக்கம். அதோடு மைக்கின் தலையை உள்ளங்கையால் பொத்திப் பிடிக்கும் பழக்கமும் உண்டு. எதிர்ப்பக்க ஒலியை விலக்குவதற்காக மைக்கின் பின்புறம் விடப்பட்ட துளைகள் அதனால் அடைபட்டு, ஸ்பீக்கர் ஒலி உள்ளே புகுந்து ‘கூ’ என்று ஊளையிடும். பழி மைக் செட்காரர் தலையில் விழும். கம்பைப் பிடித்து, வாய்க்கு இரண்டு மூன்று விரற்கடை தள்ளி வைத்தால் போதும்.

மேடை நிலையைப் பொறுத்தவரை, பஸ்ஸில் பயின்றவரை எளிதில் அடையாளம் காணலாம்: இடது கை தலைக்கு மேலே இல்லாத கம்பியைத் தேடும். பாத்ரூம் மரபினர் கூட்டத்துக்கு முதுகு காட்டுவர். இருவருமே கண்ணைக் கைபேசி வரிகளிலிருந்து எடுப்பதில்லை. இவர்களுக்கு இயற்கையாக அமைந்த நன்மை சேஃப்டி ஷூ. அதன் கனம் பாதத்தைத் தரையில் ஊன்றச் செய்து, முதுகை நிமிர்த்தி, மூச்சுக்கு இடம் தருகிறது. ஆடத் தொடங்கினால் இந்த நன்மை போய்விடும். கூட்டத்தில் ஒடிசாவும் பீகாரும் கலந்திருப்பதால் பாதிப் பேருக்குச் சொற்கள் புரியாது. அவர்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். வரியை மறந்தவர் சிரித்தால் மன்னிப்பார்கள், கைபேசியைத் தடவினால் மன்னிக்க மாட்டார்கள்.

கரோக்கிக் கருவியை 1971-இல் ஜப்பானின் கோபே நகரில் உருவாக்கிய டைசுகே இனோவே அதற்குக் காப்புரிமை பெறவில்லை. மனிதர்கள் ஒருவரையொருவர் சகித்துக்கொள்ளப் புது வழி காட்டியதற்காக 2004-இல் இக் நோபல் அமைதிப் பரிசு மட்டும் கிடைத்தது. ஜப்பானிய, கொரிய அதிகாரிகள் முன்வரிசையில் அமரும் இவ்வட்டார விழாக்களில் அந்தச் சகிப்பு பெரிதும் தேவைப்படுகிறது. ஏனெனில் நிகழ்ச்சியின் நடுவே மேலாளர் ஒருவர் பாட அழைக்கப்படுவார். அவருக்கு மேற்கண்ட விதி எதுவும் பொருந்தாது. சுருதி எதுவாயினும் கைதட்டல் கிடைக்கும், முதல் பரிசும் அவருக்கே. இரண்டாம் பரிசான ஹாட் பாக்ஸுக்குத்தான் உண்மையான போட்டி. அதை வெல்ல ஒரு ஸ்ட்ராவும், ஒரு கட்டை இறக்கிய சுருதியும், முந்தின நாள் கத்தாத தொண்டையும் போதும்.