ஆயாவும் செத்த காலேஜும்

எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு என் மகளைக் கூட்டிப்போக நான் போட்ட திட்டம் மொத்தம் 3 பக்கம். நான் கணினி நிறுவனம் ஒன்றில் புராஜெக்ட் மேனேஜர். கல்யாண வீட்டில் முதல் பந்தியில் உட்கார்ந்துகொண்டே மூன்றாம் பந்திக்குச் சாம்பார் எட்டுமா என்று கணக்குப் போடுகிற ரகம். 9.30க்கு வாசல் திறக்கும். 9.35க்கு நுழைவுச்சீட்டு. 9.45 முதல் 10.30 வரை சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகள். 10.30 முதல் 10.35 வரை ஒண்ணுக்கு. அதன்பிறகு அமராவதிச் சிற்பங்கள். இனியாவுக்கு நாலரை வயது. ஒண்ணுக்குக்கும் நேரம் ஒதுக்கிய அப்பன் தமிழ்நாட்டில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன் என்று கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

என் மனைவி மூன்று பக்கத்தையும் நிதானமாகப் படித்தாள். "நல்லா இருக்கு. என்னைக்குப் போறீங்க?"

"வெள்ளிக்கிழமை. லீவு போட்டுட்டேன். சனி, ஞாயிறுன்னா கூட்டமா இருக்கும்."

"வெள்ளிக்கிழமை எனக்குத் தலைவலி" என்றாள். அன்று செவ்வாய்க்கிழமை.

ஆகவே நானும் இனியாவும் என் அம்மாவும் மட்டும் கிளம்பினோம். அம்மா விழுப்புரம் பக்கத்துக்காரர். இனியாவுக்கு அவர் ஆயா. தாம்பரத்திலிருந்து எழும்பூருக்கு மின்சார ரயிலில் போவதற்கு அவர் ஒரு தூக்கு நிறையப் புளிசோறும், முறுக்கும், ஒரு செட் மாற்றுத்துணியும், அரை முழம் மல்லிகைப்பூவும் எடுத்துக்கொண்டார். "இதோ இருக்கிற எழும்பூரும்மா" என்றேன். "அப்படித்தான் உங்கப்பா திருப்பதிக்கும் சொன்னாரு" என்றார். அந்தத் திருப்பதிப் பயணம் பற்றி எங்கள் வீட்டில் யாரும் விளக்கம் கேட்பதில்லை.

கூட்டமே இல்லை. அந்த அளவில் என் திட்டம் முழு வெற்றி. கதவும் திறந்திருக்கவில்லை. அருங்காட்சியகத்துக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை என்கிற ஒரு வரிக்கு என் 3 பக்கத்தில் இடம் இல்லாமல் போயிருந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதில் அவருக்கு நல்ல பயிற்சி உண்டு. எழும்பூர் ரயில் நிலையத்துக்கே திரும்பி வந்து, பெஞ்சில் உட்கார்ந்து புளிசோறு சாப்பிட்டோம். இனியா ரயில்களையும், தலையில் பெட்டி சுமந்து போகிறவர்களையும் கண்கொட்டாமல் பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் தன் அம்மாவிடம் ஓடிப்போய், "மியூசியம் சூப்பரா இருந்துச்சும்மா" என்றாள்.

மறுநாள் சனிக்கிழமை, அதேபோலப் புளிசோறும் மாற்றுத்துணியும் பூவுமாக மறுபடி கிளம்பினோம். "தலைவலி இன்னைக்கும் இருக்கும்போலத்தான் தெரியுது" என்றாள் மனைவி.

ரயிலில் வைத்துத்தான் அம்மா அந்த வார்த்தையைச் சொன்னார். "மியூசியம் கியூசியம்னு என்னத்தையோ சொல்றீங்க. அது செத்த காலேஜுடா. எங்க காலத்துல மெட்ராஸ் வந்தா மூணு இடம்தான். பீச்சு, உயிர் காலேஜு, செத்த காலேஜு."

எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், ரொம்ப நாள் கழித்துச் சொந்தக்காரரைப் பார்த்ததுபோலச் சிரித்தார். பெயருக்கும் காரணம் உண்டு. 1851இல் இந்த அருங்காட்சியகம் தொடங்கியது கல்லூரிச் சாலையில், புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக் கட்டடத்தில். காலேஜ் என்ற பேச்சு அங்கிருந்து ஒட்டிக்கொண்டது என்பார்கள். கொஞ்ச காலத்திலேயே அது இப்போதுள்ள பாந்தியன் சாலைக்கு இடம் மாறிவிட்டது. முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர் என்கிற ராணுவ டாக்டர். கல்லையும் எலும்பையும் விட உயிருள்ள மிருகத்தைப் பார்க்கத்தான் ஜனங்கள் முண்டியடிக்கிறார்கள் என்று கண்டுகொண்ட மனிதர். ஆற்காட்டு நவாபிடம் பேசி அவருடைய மிருகங்களை வாங்கி, அருங்காட்சியக வளாகத்திலேயே மிருகக்காட்சிச் சாலை ஒன்றைத் தொடங்கிவிட்டார். அது பிற்பாடு சென்ட்ரல் பக்கம் போய், 1985இல் வண்டலூருக்குப் போனது. உயிரோடு இருப்பது உயிர் காலேஜ், மற்றது செத்த காலேஜ். சென்னைவாசிகள் இதற்காகக் கமிட்டி எதுவும் போடவில்லை.

இதையெல்லாம் நாலரை வயதுக்குத் தக்கபடி சுருக்கிச் சொன்னேன். இனியா சைதாப்பேட்டை வரை யோசித்துவிட்டு, "உயிர் காலேஜுல படிச்சு முடிச்சாதான் செத்த காலேஜுல சேத்துக்குவாங்களா?" என்று கேட்டாள். பெரியவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் மட்டும் குலுங்கியது.

அதன்பிறகு அன்று முழுவதும் எனக்கு ஒரே ஒரு கேள்விதான். "இது செத்ததா?"

வளாகத்தில் பீரங்கிகள் இருந்தன. செத்ததா? இல்லம்மா, இரும்பு. டைனோசர் நின்றது. செத்ததா? இல்லம்மா, பொம்மை. நிஜ டைனோசர் செத்துப்போச்சு, இது அதைப் பார்த்துச் செய்த பொம்மை. "அப்ப இது ஏன் இங்க இருக்கு?" என்றாள். செத்த காலேஜில் சாகாத ஒன்றைச் சேர்த்ததில் அவளுக்கு உடன்பாடில்லை.

9.45க்குச் செப்புத் திருமேனிகளுக்கு முன்னால் இருந்திருக்க வேண்டியவர்கள், திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டுக்கு அடியில் நின்றோம். அது நிச்சயமாகச் செத்தது. இனியாவுக்குப் பரம திருப்தி. ஆனால் அடுத்த கேள்வி, "யாரு கொன்னா?" நான் வாயைத் திறப்பதற்குள் அவள் அங்கே நின்ற ஊழியரை ஏற இறங்கப் பார்த்தாள். அவர் இரண்டு கையையும் உயர்த்தி, "நான் இல்லம்மா. நான் வரும்போதே இப்படித்தான் இருந்துச்சு" என்றார். எத்தனை குழந்தைகளிடம் இந்த வாக்குமூலம் கொடுத்திருக்கிறாரோ, பழகிய குரல்.

திமிங்கிலம் மீன் இல்லை, அதுவும் நம்மைப்போலக் குட்டி போட்டுப் பால் கொடுக்கும் என்று என் வகுப்பைத் தொடங்கினேன். "அப்ப இதோட அம்மா எங்க?" என்றாள். வகுப்பு முடிந்தது.

பறவைகள் இருந்த கண்ணாடிப் பெட்டிகளின் பக்கம் நானே வலியப் போய் மாட்டிக்கொண்டேன். "இதெல்லாம் பாடம் பண்ணின பறவைங்க கண்ணு" என்றேன். தோலும் இறகும் கெடாமல் பக்குவம் செய்து உள்ளே அடைத்து வைப்பதற்குத் தமிழில் அதுதான் சொல். இனியா பறவையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "எந்தப் பாடம் பண்ணுச்சு? மேத்ஸா?" காலேஜில் பாடம்தானே பண்ணுவார்கள்! அந்தச் சொல்லை 40 வருடமாகக் கேட்டு வருகிறேன். எனக்கு இது தோன்றியதே இல்லை.

அமராவதிச் சிற்பங்களைப் பற்றி நான் நிறையப் படித்துக்கொண்டு போயிருந்தேன். ஆந்திரத்துப் பௌத்தத் தூபி ஒன்றின் சுண்ணாம்புக்கல் பலகைகள். 1845 வாக்கில் வால்டர் எலியட் தோண்டியெடுத்து மதராசுக்கு அனுப்பியவை. அவற்றில் ஒரு பகுதி லண்டனுக்குப் போனது. மிச்சத்தைப் பார்க்க வந்த நாங்கள் கழிவறைக்குப் போனோம். நான் ஒதுக்கிய 5 நிமிடத்துக்கும் அந்த அவசரத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அம்மாவின் மாற்றுத்துணி கைகொடுத்தது. அவர் அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை.

செப்புத் திருமேனிகளின் கூடத்துக்குள் நுழைவதற்கு முன்னால் அம்மா செருப்பைக் கழற்றினார். "போட்டுக்கிட்டே போலாம்மா" என்றார் காவலர். "நீங்க போட்டுக்கங்க" என்றார் அம்மா. அவர் பின்னால் இனியாவும் கழற்றினாள். நான் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஷூவைக் கழற்றினேன், அதற்கும் 3 பக்கத்தில் நேரம் ஒதுக்கியிருக்கவில்லை.

திருவாலங்காட்டு நடராசர் என் உயரத்துக்கு ஒரு மாதிரி, இனியாவின் உயரத்துக்கு வேறு மாதிரி. பெரியவர்கள் முகத்தைப் பார்க்கிறோம், தூக்கிய திருவடியைப் பார்த்துத் தத்துவம் பேசுகிறோம். மூன்றடி உயரக் கண்ணுக்கு முதலில் தென்படுகிறவன் முயலகன். "அப்பா, இந்தக் குட்டிப் பையனைச் சாமி மிதிச்சிட்டாரு" என்றாள். கீழே குனிந்து அவன் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். "சாமி சாரி சொன்னாரா?"

திருவெண்காட்டு அர்த்தநாரியிடம் அம்மாவுக்கும் பேத்திக்கும் கணக்குப் பாடம் நடந்தது. மூன்று கை. சிவன் பக்கம் இரண்டு, அம்மன் பக்கம் ஒன்று. "பாத்துக்க கண்ணு. ரெண்டு கை இருக்கிறது உங்கப்பன் பக்கம். ஒத்தக் கையை வச்சிக்கினு வேலை பூரா செய்யறது இந்தப் பக்கம்" என்றார். தலைவலியோடு வீட்டில் இருந்தவளுக்கு இதைச் சொல்ல வேண்டாம் என்று அப்போதே முடிவு செய்தேன்.

பீடத்தில் இருக்கும் ஓட்டைகளைக் காட்டி இனியா எதற்கு என்றாள். அதில் கழி கோத்துச் சாமியைத் தோளில் தூக்கி ஊர்வலம் போவார்கள் என்றேன். மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசி, சூடாக்கி மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை வார்ப்பார்கள் என்றும் சொன்னேன். அவள் காதில் விழுந்தது மெழுகு மட்டும். "சாமிக்கு பர்த்டேவா?" அத்தோடு நிறுத்தியிருக்கலாம். இவற்றில் பலவும் மண்ணுக்குள் புதைத்து வைக்கப்பட்டிருந்து, பின்னால் யாரோ தோண்டும்போது கிடைத்தவை என்றும் சொல்லிவிட்டேன்.

இனியாவின் முகம் மாறியது. "செத்தவங்களத்தானே புதைப்பாங்க?"

கூடத்தில் இருந்த நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். வாடிக்கையாளர் கூட்டங்களில் எத்தனையோ கேள்விகளைச் சமாளித்தவன் நான். நடராசரைப் பார்த்தேன். அவர் தம் வேலையாக இருந்தார்.

"சாமி போய் சாகுமா?" என்றார் அம்மா. "காலேஜுன்னா ஹாஸ்டல் இருக்காதா? சாமி ஹாஸ்டல்ல தங்கியிருக்குது."

"ஹாஸ்டல்ல சோறு போடுவாங்களா?"

அம்மா பதில் சொல்லவில்லை. பையிலிருந்த மல்லிகைப்பூவை எடுத்தார். காவலரைப் பார்த்தார். காவலர் மெதுவாகத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. பூ திரும்பப் பைக்குள் போனது.

வெளியே வந்தபோது எங்கள் செருப்புகள் தனியாக இல்லை. பக்கத்தில் ஆறு ஜோடி கிடந்தன. நாங்கள் உள்ளே இருந்த நேரத்தில் வந்தவர்கள், இங்கே கழற்ற வேண்டும்போல என்று கழற்றிப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். காவலர் அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டார். என்ன அர்த்தத்தில் என்று நான் கேட்கவில்லை.

மரத்தடியில் புளிசோறு. திரும்பும் ரயிலில் இனியா தூங்கிவிட்டாள். அரை முழம் பூவும் பைக்குள்ளிருந்தே பெட்டி முழுக்க மணந்துகொண்டு வந்தது.

திங்கட்கிழமை பள்ளியில் மிஸ், விடுமுறைக்கு எங்கே போனீர்கள் என்று ஒவ்வொரு பிள்ளையாகக் கேட்டிருக்கிறார். இனியா எழுந்து நின்று, "எங்க ஆயாவ செத்த காலேஜுக்குக் கூட்டிட்டுப் போனோம். செருப்பெல்லாம் கழட்டிட்டோம். பூ வாங்கிட்டுப் போனோம். சாமிய புதைச்சிருந்தாங்க" என்று சொல்லியிருக்கிறாள்.

மத்தியானம் மிஸ் வீட்டுக்குப் போன் செய்தார். டைரியில் இருப்பது அம்மாவின் எண், பிள்ளையைக் கூட்டிவரப் போகிறவர் அவர்தான் என்பதால். மிஸ் குரலைத் தாழ்த்தி, "இனியாவோட பாட்டி விஷயம் கேள்விப்பட்டோங்க. ரொம்ப வருத்தமா இருக்கு. நீங்க யாருங்க பேசறது?" என்று கேட்டாராம்.

"அந்தப் பாட்டிதான் பேசறேன்" என்றிருக்கிறார் அம்மா.