வாய் வைத்த பிறகே ஓகே

வல்லம் வடகால் சிப்காட்டில் பைக் உதிரிபாகம் கடையும் ஒரு கம்பெனியில் நான் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். வெர்னியர், மைக்ரோமீட்டர், கோ-நோகோ கேஜ் என்று கை நிறைய ஆயுதம். விளிம்பில் பிசிறு நின்றால் அதற்குப் பெயர் 'பர்'. நகத்தால் தடவியே கண்டுபிடித்துவிடுவேன். அந்தத் திமிர் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கும்வரைதான்.

வீட்டில் எட்டு மாதப் பெண் எல்லாவற்றையும் நாக்கால் அளக்கிறாள். சாவிக்கொத்து, மரப்பாச்சி, மாமனாரின் கண்ணாடிக்கூடு, என் ஐடி கார்டு, எதுவானாலும் முதலில் வாய், அடுத்து தரையில் நாலு தட்டு, கடைசியாகத் திருப்பித் திருப்பி ஒரு பார்வை. பட்டன் பேட்டரியும் சில்லறைக் காசும் மட்டும் பீரோ உச்சியில். கம்பெனியில் நாங்களோ பெரும்பாலும் பார்வையில் ஆரம்பித்துப் பார்வையிலேயே முடிப்போம். கஸ்டமர் திருப்பி அனுப்புவது அதனால்தானோ என்னவோ.

"வாயில வெச்சாத்தான் மாப்பிள்ளை மூளைக்கு ஏறும்" என்பது மாமியார் கட்சி. 1979இல் மெல்ட்சாஃப், போர்ட்டன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்களும் அதே கட்சி. ஒரு மாதக் குழந்தைகளுக்கு, கண்ணில் காட்டாமல், சிலருக்கு வழவழப்பான நிப்பிள், சிலருக்கு முண்டும் முடிச்சுமானது சப்பக் கொடுத்தார்கள். பிறகு இரண்டு வடிவங்களையும் காட்டினால், சப்பியதையே பெரும்பாலான பிள்ளைகள் அதிக நேரம் பார்த்தனவாம். "இதுக்கு அமெரிக்கா எதுக்கு?" என்றார் மாமியார். 1999இல் வேறு சிலர் அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது அந்த முடிவு வரவில்லை. ரீ-இன்ஸ்பெக்‌ஷனில் ஒன்று விழுந்தால் எனக்குத் தனி ஆனந்தம்தான். ஆனாலும் மூன்று வேளையும் அவர் கையால் சாப்பிடுகிறவன், வாயைத் திறக்கவில்லை.

நம் நாட்டுச் சங்கதி இன்னும் ருசி. ஆய்வாளர் பவன் சின்ஹாவின் 'பிரகாஷ்' திட்டத்தில் பிறவியிலேயே பார்வையற்ற பிள்ளைகளுக்கு அறுவை சிகிச்சை செய்கிறார்கள். பார்வை வந்த கையோடு ஐந்து பிள்ளைகளைச் சோதித்ததில், கையால் தடவி அறிந்த பொருளைக் கண்ணால் சரியாக அடையாளம் காண முடியவில்லை. சில நாட்களிலேயே தேறிவிட்டார்கள். தொட்டு அறிந்ததைப் புதிதாய்ப் பார்வை வந்த கண் அடையாளம் காணுமா என்று 1688இல் வில்லியம் மாலினோ, தத்துவஞானி ஜான் லாக்குக்கு எழுதிக் கேட்ட கேள்விக்கு 2011இல் வந்த பதில் இது. ஆக, கையும் கண்ணும் பழகித்தான் ஒன்றையொன்று தெரிந்துகொள்கின்றன.

நைட் ஷிப்ட் முடிந்து கூலன்ட் வாடையோடு வந்து நேற்று மகளைத் தூக்கினேன். மூக்கை இழுத்தாள், தாடையை நக்கினாள், வீறிட்டாள்.

"கத்தாம என்னங்க பண்ணுவா?" என்று பிடுங்கிக்கொண்டாள் மனைவி. "மூஞ்சி பூரா பர் நிக்குது. ஷேவ் பண்ணிட்டு மறுபடியும் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வாங்க."