திருச்சி ஒரு மணி நேரந்தானாம்!

வாடா பேராண்டி, இப்படி இஸ்தோப்புல குந்து. கட்டுநாயக்காவுல பிளேன் ஏறினா திருச்சி ஒரே மணி நேரம்னு லயம் பூரா தமுக்கடிச்சுட்டு வர்றியாமே?

நான் இல்லேங்கலயே. 400 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேல. மேல போயிட்டா பிளேன் மணிக்கு 800 கிலோமீற்றர் ஓடுமாம். அப்ப அரை மணியில போகணுமேன்னு நீ கேட்டிருக்கணும். கேக்க மாட்ட. தரையில ஊர்ந்து போறது, மேல ஏறுறது, எறங்கி நிக்கிறது எல்லாத்தையும் சேத்துத்தான் டிக்கட்டுல ஒரு மணி போட்டிருக்கான். அவன் கணக்க அவன் முழுசாப் போட்டுட்டான். நீதான் உன் கணக்க அட்டன்லயே மறந்துட்டு வந்துட்ட.

நூல் புடிச்சாப்ல போனா இங்கருந்து கட்டுநாயக்கா 85 கிலோமீற்றர். நம்ம ரோட்டுக்கு நூல் புடிக்கத் தெரியாது. 120க்கு மேல இழுக்கும். கினிகத்தேனை வளைவுல கொடலப் பெரட்டி, கித்துல்கலயில தேத்தண்ணிக்கு நிப்பாட்டி, அவிசாவளையத் தாண்டிப் போய்ச் சேர அஞ்சு மணி. அங்க மூணு மணி முந்தியே வந்து நில்லுங்கிறான். ஆக எட்டு மணி ஆச்சு, தொரை இன்னும் தரையிலதான் நிக்கிறாரு!

வெள்ளக்காரனுக்கு இந்தத் தொல்லையில்ல. சின்னப் பிளேன்ல வந்து காசல்ரீ தண்ணியிலயே எறங்கி, பழைய தொரை பங்களாவுல போய்ப் படுத்துக்கிட்ட காலம் உண்டு. கரையில நின்னு வாய் பொளந்து பாத்த பாக்கியம் நமக்கு.

இன்னொன்னு கேளு. 1996லருந்து 2006 வரைக்கும் நம்ம கடியாரத்த இந்தியாவுக்கு முன்னால தள்ளி வச்சிருந்தாங்க, பெரும்பாலும் அரை மணி. பத்து மணிக்குக் கெளம்பினா அங்க பத்தரைக்கு எறங்கலாம். திரும்பி வாறப்பத்தான் ஒன்றரை மணி ஆகும். நாட்டுக் கடியாரத்தையே மாத்தினவங்களால கினிகத்தேனை வளைவுல ஒரு நிமிசம் கொறைக்க முடிஞ்சுச்சா?

நம்ம பூட்டன் காலத்துலயும் இதே கததான். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவுல கடல் 35 கிலோமீற்றர்கூட இல்ல. அதுக்கு முன்னால மண்டபம் முகாம்ல அடைச்சு வச்சான். ரயிலு இல்லாத காலத்துல வந்தவங்க எறங்கின பின்னால மாத்தளைக்குக் காட்டு வழியா நடந்தாங்க; பாதியில விழுந்தவங்களுக்குக் கணக்கேயில்ல. நமக்கு எந்தக் காலத்துலயும் கடல் குட்டைதான்டா, கரைதான் நெட்டை.

அதனால முதல் நாள் ராவே கெளம்பு. சட்டப்பையில ஒரு எலுமிச்சம்பழம் வச்சுக்க. அது பிளேனுக்கு இல்ல, பஸ்ஸுக்கு. துறையூர் அத்தைக்கு போன் போட்டு, "ஒரு மணியில வந்துருவேன்"னு மட்டும் சொல்லித் தொலைக்காத. பாவி மக அப்பவே ஒல வச்சிருவா. நீ போய்ச் சேர்றப்ப அது பழைய சோறு.