எட்டுக்குப் பயந்த மருமகனுக்கு

வாய்யா மருமகனே! புது வண்டி எடுக்கப் போறியாம், நம்பர்ல 8 வந்துறக் கூடாதாம். சனீஸ்வரன் எண்ணுன்னு ஜோசியர் சொல்லிட்டாராம். பாவம் அந்தச் சனீஸ்வரன், ஆர்டிஓ ஆபீசுலயும் அவருக்கு டூட்டி போட்டுட்டீங்க.

அது கெடக்கட்டும். 1லேர்ந்து 9999 வரைக்கும் எத்தன நம்பர்ல 8 ஒக்காந்திருக்கு, சொல்லு பாப்போம்? "ஒரு எடத்துக்கு ஆயிரம், நாலு எடத்துக்கு 4000"ங்கிற. ஆகா, காசு கட்டிப் படிக்கவச்ச புள்ள! 8888ஐ நாலு தடவ எண்ணிட்டியே ராசா. ஆட்ட எண்ணிட்டு வாடான்னா காலை எண்ணிட்டு வந்து நிக்கிற.

இருக்குறதத் தேடி அலையாத. இல்லாதத எண்ணு, சுளுவா முடிஞ்சிரும். 8ஐ விட்டா ஒவ்வொரு எடத்துக்கும் ஒம்பது இலக்கம். ஒம்பத நாலு தடவ பெருக்கு: 6561. அதுல 0000ம் ஒண்ணு, அத எவன் வண்டிக்குக் குடுக்கான்? தள்ளிரு. 9999ல 6560 போனா 3439. மூணுல ஒண்ணுக்கு மேலயே 8ஓடதான் ரோட்டுல திரியுது. எல்லாம் கவுந்தா கெடக்கு?

என்னது, கூட்டுனாலும் 8 வரக் கூடாதா? சரிதான்! கூட்டிக் கூட்டி ஒத்த இலக்கமா ஆக்குனா ஒம்பது நம்பருக்கு ஒண்ணு 8ல வந்து நிக்கும், மொத்தம் 1111. அதுல 725க்கு வெளிய பாத்தா 8ஏ தெரியாது, 17, 26 மாதிரி கமுக்கமா இருக்கும். 725 எப்படி வந்துச்சுன்னு என்னைக் கேக்காத, நீதான் படிச்சவன். 3439ஓட அதையும் சேத்தா 4164. பத்துக்கு நாலு வண்டி ஒனக்கு ஆகாது. மிச்சத்துல ஒண்ணப் புடிக்கத்தான் பேன்சி நம்பருன்னு பணத்தக் கட்டப் போற, கட்டு. அரசாங்கமும் பொழைக்கணும்ல.

ஆமா, அந்தச் செல்போன் நம்பர மாத்திட்டியா? குருட்டாம்போக்குல குடுத்தா கடைசி ஒம்பது இலக்கத்துல 8 வராம இருக்க நூத்துக்கு 39 கூடத் தேறாது. அதுலதான ஜோசியருக்கே போன் போட்டுப் பேசுன?

போற வழியில அவர் வாசல்ல நிக்கிற வண்டியையும் ஒரு பார்வ பாத்துட்டுப் போ. நம்பர் 3725. கூட்டிப் பாரு.